வாதத் திறனும் வாய்மையும்

குற்றாலத்தில் சாரல் பொழியும் பருவம். பேரருவியில் நீராடித் திரும்பிய ஒரு குடும்பத்தாருடன் தென்காசியில் ஒரு நாளைக் கழிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவ்வீட்டுப் பிள்ளை சட்டக் கல்லூரி மாணவர். விடுமுறையில் வந்திருந்தும் அருவிக்குச் செல்லாமல், கையில் சில தாள்களுடன் கூடத்தில் உலவியவாறே வாதாடிப் பழகிக்கொண்டிருந்தார். களவு வழக்கொன்றில் காலையில் அரசுத் தரப்புக்காகப் பேசியவர், மாலையில் அதே வழக்கில் எதிரித் தரப்புக்காகப் பேசினார். இரண்டையும் கேட்டிருந்த பாட்டியார், "ஏ ராசா, காலையில அவன் களவாண்டான்னு சொன்னே, இப்பம் களவாங்கலேன்னு சொல்லுதே. ரெண்டுல எது நெசம்? பொய் பேசவா ஒங்க வாப்பா பணங்கட்டிப் படிக்க வைக்கான்?" என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தனர். மாணவர் சிரிக்கவில்லை. பின்னர் நம்மிடம் தனியே, "பாட்டிக்கு என்ன மறுமொழி சொல்வதென்று எனக்கே தெரியவில்லை" என்றார்.

அந்தக் கேள்வி எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. பிள்ளைகளைச் சட்டம் படிக்க அனுப்பும் நம் குடும்பங்கள் பலவற்றில் வாய்விட்டுக் கேட்கப்படாமல் கிடக்கும் கேள்வி அது.

முதலில் அப்பயிற்சி யாதெனப் பார்ப்போம். இந்திய பார் கவுன்சில் 2008 ஆம் ஆண்டில் வகுத்த சட்டக் கல்வி விதிகள், ஒவ்வொரு மாணவரும் மாதிரி நீதிமன்றத்தில் மும்முறை வாதாட வேண்டும் என்கின்றன. முறைக்குப் பத்தாக அதற்கு 30 மதிப்பெண்கள். உரிமையியல் வழக்கொன்று, குற்றவியல் வழக்கொன்று என இரு வழக்குகளின் விசாரணையை நேரில் கண்டு எழுதுவதற்கு 30. கட்சிக்காரரைக் கண்டு விவரம் கேட்டறிவதையும் வழக்கிற்கு ஆயத்தம் செய்வதையும் பயில்வதற்கு 30. வாய்மொழித் தேர்வுக்குப் பத்து. 1996 இல் தொடங்கப்பெற்ற திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியிலாயினும் வேறெங்காயினும் இதற்கு விலக்கில்லை.

மாதிரி நீதிமன்றத்தில் இன்று இந்தப் பக்கம், நாளை அந்தப் பக்கம். எந்தப் பக்கம் நின்றாலும் வெல்லுமாறு பேசப் பழகுகிறான் மாணவன். பாட்டியார் கண்டு அஞ்சியது இதைத்தான்.

அந்த அச்சத்துக்கு நம் மார்க்கத்தில் ஆழ்ந்த ஆதாரம் உண்டு. வழக்கைக் கொண்டு வருவோரில் ஒருவர் மற்றவரினும் சொல்வன்மை மிக்கவராக இருக்கக்கூடும் என்றும், தாம் கேட்டதைக் கொண்டே தீர்ப்பளிப்பதாகவும், அவ்வாறு பிறன் உரிமையைப் பெற்றுச் செல்பவன் நெருப்புத் துண்டையே பெற்றுச் செல்கிறான் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். நீதிபதி எத்துணை நேர்மையாளராயினும் செவிவழி வருவதைக் கொண்டே தீர்ப்பளிக்க இயலும். ஆகவே பயின்ற நாவுக்குப் பெரும் பொறுப்பு உண்டு என்பதே இதன் கருத்து.

திருமறையின் 'அந்நிஸா' அத்தியாயத்தில் 105 ஆம் வசனம் வஞ்சகர்களுக்காக வாதிடுவதை விலக்குகிறது. மதீனாவில் ஒரு கவசம் களவு போனதையும், களவாடியவனின் சுற்றத்தார் திரண்டு வந்து திறம்படப் பேசி, குற்றமற்ற யூதர் ஒருவர் மீது பழியைச் சுமத்த முயன்றதையும், அவரது குற்றமின்மையை நிலைநாட்டவே வசனங்கள் இறங்கியதையும் விரிவுரையாளர்கள் எடுத்துரைக்கின்றனர். நம்மவனைக் காக்கும் பொருட்டு அயலான் மீது பழி போட்ட நாவை இறைமறை கண்டித்தது.

அப்படியானால், குற்றம் சாட்டப்பட்டவனுக்காக வாதாடுவதே தவறாகுமா? இதற்கு விடை காண, இம்மண்ணோடு தொடர்புடைய ஒரு பழைய வழக்கை நினைவுகூர்வோம்.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி இரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன். அவர் அங்கேயே தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தார். சுட்ட கை அடங்கிவிட்டது. ஆட்சியாளரின் சினம் அடங்கவில்லை. நீலகண்ட பிரம்மச்சாரி முதலாகப் பதினால்வர் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அவர்களுள் தென்காசியைச் சார்ந்தவரும் இருந்தார். செங்கோட்டையைச் சார்ந்தவரும் இருந்தனர். அரசுத் தரப்பின் சாட்சிகளில் அப்ரூவராக மாறியோரும் உண்டு. தன் தலை தப்பப் பிறன் தலையைக் காட்டும் சாட்சியை உரைத்துப் பார்க்கக் குறுக்கு விசாரணையன்றி வேறு கல் இல்லை. எதிரிகளுக்காக வாதாடியவர்களுள், பின்னாளில் சென்னை மாகாணப் பிரதமராக விளங்கிய த. பிரகாசமும் ஒருவர். 1912 இல் தீர்ப்பு வந்தது. நீலகண்டருக்கு ஏழாண்டுச் சிறை. வேறு சிலருக்குக் குறைந்த தண்டனை. சிலர் விடுதலையாயினர். எவரும் தூக்குமேடை ஏறவில்லை. மூன்று நீதிபதிகளுள் ஒருவரான சங்கரன் நாயர் மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார்.

அந்த வழக்கறிஞர்கள் கொலையை நியாயப்படுத்தினார்களா? இல்லை. "இம்மனிதர் மீது சாற்றியதை மெய்ப்பித்தீர்களா?" என்று கேட்டார்கள். அக்கேள்வியைத் திறம்படக் கேட்க ஒருவர் இல்லையேல், சினங்கொண்ட அரசு யாரையும் கூண்டில் ஏற்றி யாரையும் தண்டிக்கலாம். இன்று பிறன் வீட்டுப் பிள்ளை. நாளை நம் வீட்டுப் பிள்ளை. பார் கவுன்சில் விதிகளும் இதனையே கூறுகின்றன. எதிரி குற்றவாளியா என்பதில் வழக்கறிஞரின் சொந்த எண்ணம் எதுவாயினும் அவருக்காக வாதாட வேண்டும். போதிய சான்றின்றி எவரும் தண்டிக்கப்படலாகாது என்னும் நெறிக்கே அவர் கட்டுப்பட்டவர். தமிழகத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், இன்னாருக்காக எவரும் வாதாடலாகாது என்று வழக்கறிஞர் சங்கங்கள் தீர்மானம் இயற்றுவது செல்லாது என 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவித்தது.

எல்லைக்கோடு இப்போது கண்ணுக்குப் புலனாகிறது. "நீ மெய்ப்பிக்கவில்லை" என்பது வாதம். "இவன் செய்யவில்லை, அவன் செய்தான்" என்று, பொய்யென்று அறிந்தே உரைப்பது வஞ்சகம். மதீனாவில் அந்தச் சுற்றத்தார் தம் உறவினனுக்காகப் பேச வந்தது மட்டுமன்று அவர்கள் குற்றம். குற்றமற்றவர் தலையில் பழியை ஏற்றியதே பெருங்குற்றம்.

1840 இல் இலண்டனில் இந்தக் கோடு ஒரு வழக்கறிஞரைச் சுட்டது. தன் எசமானரான பிரபுவைக் கொன்றதாகக் கூர்வாசியே என்னும் பணியாள் மீது வழக்கு. விசாரணையின் நடுவே அவன் தன் வழக்கறிஞர் சார்லஸ் பிலிப்ஸிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டான். பிலிப்ஸ் வழக்கைக் கைவிடவில்லை. அதற்காக அவரைக் குறைகூறியவர் உண்டு. எனினும், உண்மையை அறிந்த பின்னரும் உடன் பணிபுரிந்த பெண் மீது ஐயத்தைத் திருப்பினார் என்பதே அவரை நெடுங்காலம் தொடர்ந்த கடும் பழி. அந்த ஏழைப் பெண்ணுக்காகப் பேச அங்கு வழக்கறிஞர் எவருமில்லை.

இதே தீங்கு சாட்சிக் கூண்டிலும் நேரக்கூடும். வயலிலிருந்து வந்து நிற்கும் எழுத்தறியாத ஒருவரை, "ஆம், இல்லை என்று மட்டும் சொல்" என அடுக்கடுக்காய்க் கேட்டு நிலைகுலையச் செய்வது பயின்றவருக்கு அரிதன்று. அவர் மெய்யே சொன்னவர் என்று தன் உள்ளம் அறிந்திருக்க அதைச் செய்வது அறமாகுமா? தக்க காரணமின்றி ஒருவரது நடத்தையைப் பழிக்கும் கேள்விகளையும், இழிவுபடுத்தும் கேள்விகளையும் சாட்சியச் சட்டம் தடுக்கிறது. வன்கொடுமைக்கு உள்ளான பெண்ணின் ஒழுக்கத்தைக் குறுக்கு விசாரணையில் கிளறுவதை 2003 இல் வந்த திருத்தம் விலக்கியது. ஆனால் கேள்வி கேட்கும் குரலையும் பார்வையையும் எந்தச் சட்டமும் முழுதாகக் கட்டிவிட இயலாது. அங்கே காவல் நிற்க வேண்டியது நெஞ்சம்.

ஆகவே பயிற்சி வேண்டாம் என்று நாம் கூறமாட்டோம். திறமை கெட்டவரிடம் மட்டும் குவிந்தால் எளியவர் எங்கே செல்வர்? இரு பக்கமும் நின்று வாதாடிப் பழகுவதில் ஓர் அரிய நன்மையும் உண்டு. எதிராளிக்கும் ஒரு நியாயம் இருக்கக்கூடும் என்பதை அது கற்பிக்கிறது. அலீ (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்பளிக்க வேண்டாம் என்று அண்ணலார் (ஸல்) அறிவுறுத்தினார்கள் அன்றோ? மாதிரி நீதிமன்றத்தில் மாணவன் பொய்ச் சத்தியம் செய்யவில்லை. அங்கிருப்போர் அனைவரும் அறிய ஒரு தரப்பின் நியாயத்தை எடுத்துரைக்கிறான். நாவோடு செவியும் பயில்கிறது. செவி பயிலாமல் நா மட்டும் பயின்றால்தான் பாட்டியார் அஞ்சியது நிகழும்.

அன்றிரவு மாணவரிடம் இவற்றைக் கூறினோம். அவர் சற்று நேரம் எண்ணியிருந்துவிட்டுப் பாட்டியாரிடம் சென்று, "ரெண்டு பக்கத்தையும் கேட்டாத்தான் நெசம் தெரியும் பாட்டி, அதுக்குத்தான் ரெண்டையும் படிக்கேன்" என்றார். பாட்டியார் விடவில்லை. "சரி ராசா, ஆனா ஒண்ணுமறியாதவன் தலையில மட்டும் போட்டுராதே" என்றார்.

நாம் பல பத்திகளில் எழுதியதை அம்மூதாட்டி ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். நம் பிள்ளைகள் வழக்கில் வென்று வீடு திரும்பும் நாளில், "எவ்வளவு கிடைத்தது?" என்று கேட்குமுன், "யார் மீதும் வீண்பழி போடவில்லையே?" என்று கேட்கும் ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும்.