‘யூ’ என்னும் ஒரு சொல்

சினிமாவைக் காட்டி ஆங்கிலம் கற்பிப்பது தகுமா என்று தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் நம்மை வினவினார்கள். கூத்தைப் பாடமாக்கினால் பாடமே கூத்தாகிவிடும் என்பது அவர்களது அச்சம். நமக்கும் அவ்வச்சம் இருந்தது. ஏனெனில், நாம் இலக்கணத்தை நெட்டுருப் போட்டு ஆங்கிலம் கற்றவர்கள். அதனால் கண்ட பயன், கிராணி உத்தியோகமும், மற்றவரினும் ஒரு படி உயர்ந்தோம் என்ற நினைப்புமேயாம்.

மாலை வகுப்புக்கு, 2016-இல் வெளிவந்த ‘கபாலி’யை எடுத்துக்கொண்டோம். ரஞ்சித் இயக்கிய அப்படம் மலேசியத் தமிழரின் கதையாதலின், பிள்ளைகளுக்கு வசனமெல்லாம் மனப்பாடம். பொருள் முன்னரே தெரிந்தமையால், திரையடியில் ஓடும் ஆங்கில வரியில் எந்தச் சொல் எதற்கு ஈடு என்று ஆராய்வதிலேயே அவர்கள் கருத்துச் சென்றது. அகராதி என்றால் அயர்கிறவர்கள், ‘டா’வுக்கு ஆங்கிலம் எங்கே என்று வழக்காடினார்கள். சிறையில் கதாநாயகர் படிக்கும் நூல் யாதெனக் கேட்டாள் ஒரு சிறுமி. அது சத்தியநாராயணா என்பார் ஆங்கிலத்தில் எழுதிய ‘மை பாதர் பாலையா’. தீண்டாமைக்கு ஆளான ஒரு ரயில்வேத் தொழிலாளர் குடும்பம் கல்வியால் எழுந்த வரலாறு.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. வகுப்பு கைப்பேசிக்குள் புகுந்தது. லயத்தில் அலை போதாமையால் படம் ஓடவில்லை. காட்சிதான் நெஞ்சில் இருக்கிறதே என்று, வசனத்தை மட்டும் எழுதியனுப்பி மொழிபெயர்க்கச் சொன்னோம்.

ஒரு சிறுவன் விடையோடு ஒரு வினாவும் அனுப்பினான். “ஐயா, ஆங்கிலத்தில் முதலாளியும் ‘யூ’, தொழிலாளியும் ‘யூ’. தமிழில் நீங்கள் எங்கள் அப்பாவை மட்டும் ‘நீ, வா, போ’ என்கிறீர்களே, ஏன்?”

அவன் தந்தையார் நம்மினும் மூத்தவர்.

உடனே சரித்திரம் எழுதத் தொடங்கினோம். ஆங்கிலத்திலும் முன்பு ‘தௌ’ என்ற ஒருமை இருந்தது. மேலோரை ‘யூ’ என்று பன்மையால் விளிப்பர். 17-ஆம் நூற்றாண்டில் குவேக்கர் என்னும் கூட்டத்தார், மனிதர் யாவரும் சமமென்று அதிகாரிகளையும் ‘தௌ’ என்றழைத்து அல்லலுற்றனர். நாளடைவில் ‘தௌ’ வழக்கொழிய, எல்லாரும் ‘நீங்கள்’ ஆயினர். இதனால் வெள்ளையர் சமத்துவம் கண்டவர் என்று எண்ணிவிட வேண்டா! இலங்கைத் தோட்டத்துரைகள் தமிழ் கற்க அச்சிட்ட கைந்நூலொன்றின் பெயரே ‘இங்கே வா’.

இவ்வளவும் எழுதியனுப்பிய பின்னரே, சிறுவன் கேட்டது ஆங்கிலேயரைப் பற்றியன்று என்பது உறைத்தது. வழக்கம் என்று சொல்லியிருக்கலாம். துரையிடமிருந்து கிராணிக்கு வந்த வழக்கம். கிராணி அதைத் தன் கல்வியின் சின்னமாகக் காத்து வந்தான்.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், அச்சிறுவனின் தந்தையாரைப் பார்த்து, “அண்ணே, நீங்கள் ஐந்தாம் நம்பர் நிரைக்குப் போங்கள்” என்றோம். அவர், தமக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.