நாளின் மீது குற்றமா?

முஹர்ரம் பிறை தென்பட்டதும் நம் தாமிரபரணிக் கரை ஊர்களில் சில இல்லங்களில் நிக்காஹ் பேச்சு நின்றுவிடுகிறது. காரணம் கேட்டால், "ஹுஸைன் (ரலி) அவர்கள் ஷஹீதான மாதமல்லவா? ஆகாது" என்பார்கள். துக்கம் நிகழ்ந்ததால் ஒரு நாள் தீய நாளாகிவிடுமா? நாம் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கர்பலா நிகழ்ந்தது ஹிஜ்ரி 61, முஹர்ரம் 10இல் (கி.பி. 680). அதே ஆஷூரா நாளில்தான் அல்லாஹுத் தஆலா மூஸா (அலை) அவர்களைப் பிர்அவ்னிடமிருந்து காப்பாற்றினான். அதற்கு நன்றியாக நாயகம் (ஸல்) அவர்கள் நோன்பு நோற்று, நம்மையும் நோற்கச் செய்தது கர்பலாவுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கும் முன்பே. ஒரே நாளில் விடுதலையும் உண்டு, ஷஹாதத்தும் உண்டு. எதைக் கொண்டு நாளுக்குத் தீர்ப்புச் சொல்வது?

ஹிஜ்ரி 10இல் நாயகத்தின் அருமை மகன் இப்றாஹீம் (ரலி) வஃபாத்தான அன்று சூரிய கிரகணம் பிடித்தது. மகனின் மரணத்தால்தான் பிடித்தது என்று மக்கள் பேசினர். பெருமானார் (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்து, மக்களைத் தொழுகையின் பக்கம் திருப்பினார்கள்.

நம் நெல்லையையே பாருங்கள். 1908இல் வ.உ.சி.யுடன் இங்கே கைதாகிச் சிறை சென்ற சுப்பிரமணிய சிவா இறந்தது 1925 ஜூலை 23. கூலி உயர்வு கேட்டு வந்த மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடந்து, ஒரு பச்சிளங் குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் மாண்டது 1999 ஜூலை 23. இரண்டும் ஒரே தேதி. ஆனால் பிறைக் கணக்கில் முன்னது முஹர்ரம் பிறப்பை ஒட்டிய நாள், பின்னது ரபீஉல் ஆகிர். தீமை நாளில் இருக்குமானால், எந்தக் கணக்கின் நாளில் இருக்கிறது?

ஜும்ஆவுக்கும் ஆஷூராவுக்கும் சிறப்பு இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அது வணக்கத்திற்காக அல்லாஹ் அளித்த சிறப்பு. பீடையை அவன் எந்த நாளுக்கும் அளிக்கவில்லை.

நாளைக் குற்றவாளியாக்கினால் அநியாயம் செய்தவன் தப்பித்துக்கொள்கிறான். கர்பலாவில் வாளெடுத்தது மனிதர்களே, முஹர்ரம் அல்ல. மறுமையில் விசாரிக்கப்படுவதும் நாட்கள் அல்ல, நாம்தான். ஆகவே நல்ல நாள் தேடுவதை விட்டு, கிடைத்த நாளில் நல்லதைச் செய்வோம். அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.