நிழற்படமும் பதிப்பு நெறியும்

ஊரைவிட்டு வந்த குடும்பத்திற்கு வீடு, வயல், குளக்கரை, கோயில் என்பனவெல்லாம் காலப்போக்கில் சொல்லளவாய்ச் சுருங்கிவிடுகின்றன. அச்சொல்லுக்குத் துணையாய் எஞ்சுவன ஒரு டிரங்குப் பெட்டியும் அதனுள் பழுப்பேறிக் கிடக்கும் சில நிழற்படங்களுமே. தில்லியில் பிறந்து வளரும் நம் மக்களுக்குத் தஞ்சைத் தரணியின் சிற்றூர் என்பது பெரும்பாலும் அப்படங்களில் தெரியும் திண்ணையும், தூணும், அதன்முன் அமர்ந்திருக்கும் முதியோரும்தாம். ஆகவே, அப்படங்களை என்ன செய்வது என்னும் வினா அலமாரியில் இடமுண்டா என்பதோடு முடிவதில்லை. முன்னோரைப் பற்றிப் பின்னோருக்கு எதைச் சொல்ல நாம் கடமைப்பட்டுள்ளோம் என்னும் அறவினா அதனுள் அடங்கியிருக்கிறது.

பழுதில்லாத படம் அரிது. ஒன்றில் தலை அசைந்து முகம் கலங்கியிருக்கும். ஒன்றைப் பூச்சி அரித்திருக்கும். மற்றொன்றில் ஓரத்தில் நின்றவர் கத்தரிக்கோலுக்கு இரையாகியிருப்பார். 1970, 1980ஆம் ஆண்டுகளில் எடுத்த வண்ணப் படங்கள் பலவும் சாயம் மங்கிச் செம்மை படர்ந்து நிற்கின்றன. முன்னாளில் இவற்றைச் செப்பனிட ஸ்டூடியோவில் தேர்ந்த கை ஒன்று வேண்டும். இன்றோ பள்ளிப் பிள்ளையின் கைப்பேசியே அதனை நொடியில் முடிக்கிறது. மங்கலைத் துலக்குகிறது; கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் ஏற்றுகிறது; இல்லாதவரைச் சேர்க்கிறது; இருந்தவரை நீக்குகிறது. செயல் எளிதாகவே, செய்யலாமா என்னும் வினா கடினமாகிவிட்டது.

முகிலும் விழியும் நீரும்

படத்தைத் திருத்துதல் இக்காலத்தார் கண்ட புதுமையன்று. சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக விளங்கிய லின்னேயஸ் டிரைப் என்பார் 1858இல் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் கோயில்களைப் படமெடுத்தார். அந்நாளைய தாள் நெகட்டிவில் வானம் வெறுமையாய் விழுந்தது. அவ்வெறுமையைப் போக்க, நெகட்டிவில் தம் கையாலேயே முகில்களைத் தீட்டினார்.

பின்வந்த நம்மூர் ஸ்டூடியோக்காரர்கள் வானத்தோடு நிற்கவில்லை. நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுக்கும். அவ்வழியே தழும்பு மறைந்தது; கருத்த முகமும் சிவந்த முகமாகிப் பெண் பார்க்க வருவோர்க்கு அஞ்சலில் சென்றது. உயிரோடிருந்த நாளில் படமே எடுத்துக்கொள்ளாதவர் இறந்தால், உடலை நாற்காலியில் அமர்த்திப் படமெடுத்து, மூடிய இமைகளின்மேல் திறந்த விழிகளைத் தீட்டித் தருவதும் வழக்கிலிருந்தது.

மூன்றாவது வகையும் ஒன்றுண்டு. மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்கு அருகே நின்று படமெடுத்துக்கொண்ட எசோவ் என்னும் காவல்துறைத் தலைவர், பின்னர்ப் பகைக்கு ஆளாகி 1940இல் கொல்லப்பட்டார். அதன்பின் அப்படத்தில் அவர் நின்ற இடத்தில் கால்வாய் நீரே தெரிந்தது. இது கொடுங்கோலரின் செயல் என்று நாம் ஒதுங்கிவிடலாம். ஆயின், வேற்றுச் சாதியில் மணந்தாள் என்பதற்காக உடன்பிறந்தாளின் உருவைக் குடும்பப் படத்திலிருந்து வெட்டியெடுத்த கத்தரிக்கோலுக்கும் அந்தத் தூரிகைக்கும் வேறுபாடு யாது? சினத்தின் அளவு வேறாயிருக்கலாம், செயல் ஒன்றே.

முகில், விழி, நீர் என்னும் இம்மூன்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் தகுமா? தகாது என்று நம் மனம் சொல்கிறது. எங்கே கோடு கிழிப்பது என்பதற்குத் தமிழரிடத்திலேயே நல்லதொரு முன்மாதிரி உண்டு.

ஏடு காட்டும் நெறி

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது அவர் கைக்கு வந்தவை சிதைந்த ஏடுகள். பல ஏடுகளை ஒப்பிட்டார்; பாடவேறுபாடுகளைக் குறித்தார்; எந்த ஏட்டிலும் கிடைக்காத பகுதியை இல்லையென்றே காட்டினார். புறநானூற்றில் 267, 268 ஆகிய இரு பாடல்கள் இன்றளவும் இல்லை. எண்கள் மட்டும் நிற்கின்றன. பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் இறுதிப் பத்தும் கிடைக்கவில்லை. அவ்விடங்களைத் தாமே பாடி நிரப்பும் ஆற்றல் அப்பெரும்புலவருக்கு இல்லாமலா போயிற்று? இருந்தும் செய்யவில்லை. மாறாக, கம்பன் காவியத்தில் பின்வந்தோர் நல்லெண்ணத்தோடு செருகிய பாடல்களை மிகைப்பாடல்கள் என்று பிரித்தெடுக்க அறிஞர் பட்ட பாடு சிறிதன்று.

ஏட்டின் தூசியைத் துடைப்பதும், எண்ணெய் பூசி மை தடவி எழுத்தைத் துலக்குவதும் பழுதுபார்த்தல். எழுத்தை மாற்றுவது பாடத்தைத் திரித்தல். படத்திற்கும் இதுவே நெறியாகக் கூடும். கறை, கீறல், மங்கிய சாயம் ஆகியவை ஏட்டின் பழுது. முகத்தின் அமைப்பு, மேனியின் நிறம், உடுத்திய உடை, அருகில் நின்றவர் யார் என்பவை பாடம். முன்னதைத் திருத்துவது தொண்டு; பின்னதில் கைவைக்க நமக்கு உரிமையில்லை.

நாமறிந்த ஒரு வீட்டில் நிகழ்ந்ததைச் சொல்லலாம். குடும்பத்தார் கூடி எடுத்துக்கொண்ட பழைய படம் ஒன்று. பாட்டியாருக்கு அதுவன்றி வேறு படமே இல்லை. மடியிலிருந்த குழந்தை சிணுங்க, அவர் அதன்பக்கம் திரும்பிய அரைநொடியில் படம் விழுந்துவிட்டது, முகம் கலங்கிப்போயிற்று. கொள்ளுப்பேரன் அதனைக் கணிப்பொறியிலிட்டுத் தெளிவாக்கினான். எடுப்பான மூக்கும் ஒளிவிடும் கண்ணுமாக ஒரு முகம் தோன்றியது, வீட்டார் மகிழ்ந்தனர். எண்பதைக் கடந்த அப்பாட்டியாரின் மகள் மட்டும் நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "யாருடா இது?" என்று கேட்டார்.

அவ்வினா மிகப் பொருத்தமானது. படத்தில் பதியாத முகத்தைக் கருவி எங்கிருந்து கொணரும்? எண்ணற்ற பிறர் முகங்களைக் கொண்டு பயின்று, இப்படி இருக்கலாம் என ஊகித்து வரைகிறது. 267ஆம் பாடலை யாரோ பாடிச் சேர்த்தாற்போன்றது அது. புது முகம் வந்ததோடு பழைய செய்தியும் போயிற்று. படமெடுப்போர் அசையாதே என்று சொல்லியும் ஒரு தாய் பிள்ளையின்பக்கம் திரும்பினாள் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தது அக்கலங்கல் ஒன்றே.

தடையும் விடையும்

எவருக்கும் தீங்கின்றி நன்மை பயக்குமாயின் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என வள்ளுவரே வாய்மை அதிகாரத்தில் இடந்தருகிறாரே என்று சிலர் வினவக்கூடும். நல்ல தடை. விடை காண, நன்மை யாருக்கு என்று பார்த்தல் வேண்டும். இறந்த மகனின் படத்தில் விழிகளைத் தீட்டச் செய்த தாய் எதனாலும் ஏமாறவில்லை. உண்மையை அறிந்தே ஆறுதலை வேண்டினாள். அதனைக் குறைகூற நமக்கு மனம் வாராது.

பாட்டியின் கருநிறத்தை வெளுக்கச் செய்தல் அத்தகையதன்று. வடபுலத்துப் பள்ளியில் நிறத்துக்காகக் கேலிக்கு ஆளாகும் நம் பெண்குழந்தை வீட்டிற்கு வந்து ஆல்பத்தைப் புரட்டுகிறாள். முன்னோர் அனைவரும் சிவந்தவர்களாய்த் தோன்றினால், தான் ஒருத்தியே பழுது என்றன்றோ அவள் எண்ணுவாள்? தன் நிறத்தோடு நிமிர்ந்து அமர்ந்திருக்கும் பாட்டி ஒருத்தி ஆல்பத்தில் இருந்தால், அவள் கேட்காமலே அவளுக்கு விடை கிடைத்துவிடும். காண்பவர் அறியச் செய்தது அலங்காரம்; அறியாமற் செய்தது பொய். இவ்வளவே வேறுபாடு.

படத்தில் இருப்பவரின் விருப்பத்தையும் மறத்தலாகாது. கைம்மைக் கோலத்தில் தம்மைப் பிறர் காணலாகாது என்றிருந்த மூதாட்டியரை நம் குடும்பங்கள் அறியும். அத்தகையோர் படத்தைக் கூடத்தில் மாட்டவேண்டா. உறையிலிட்டுப் பெட்டியில் வைத்தல் போதும். அழித்துவிடுமாறு அவரே சொல்லிச் சென்றிருப்பின் அச்சொல்லுக்குப் பணிதலே முறை. வரலாற்றின் உரிமையைவிடத் தம் உருவின்மேல் ஒருவருக்குள்ள உரிமை பெரிது.

காப்பதும் கழிப்பதும்

அனைத்தையும் காக்கவேண்டுமோ எனில், வேண்டுவதில்லை. மத்திய அரசு அலுவலகங்களில் முடிந்த கோப்புகளை மூன்றாகப் பிரிப்போம். என்றும் காத்துப் படியெடுத்தும் வைக்கவேண்டியவை 'ஏ'. படியெடாவிட்டாலும் காக்கவேண்டியவை 'பி'. பத்தாண்டுக்கு மேற்படாமல் வைத்துக் கழிக்கத்தக்கவை 'சி'. ஒருவருக்குள்ள ஒரே படம் எவ்வளவு பழுதுற்றிருப்பினும் 'ஏ' வகையே. ஒரே திருமணத்தில் ஒரே வரிசையை ஐந்து முறை எடுத்த படங்களில் நான்கு 'சி' வகை. அழகைக் கொண்டு தரம் பிரித்தல் தவறு. வேறெங்கும் கிடைக்குமா என்பதே அளவுகோல்.

கோப்பில் எழுதியதை அழித்தெழுதும் வழக்கமும் நம்மிடம் இல்லை. அடித்த சொல் படிக்கும்படி கோடிட்டு, அருகே சுருக்கொப்பமும் தேதியும் இடுகிறோம். படத்திற்கும் அதுவே பொருந்தும். மூலப்படம் தொடப்படாமல் இருக்கட்டும். திருத்தம் யாவும் படியில் நிகழட்டும். பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு, செய்த திருத்தம் ஆகியவற்றை அழுத்தாமல் எழுதிவைத்தல் நலம். வெட்டுண்ட இடத்தை நிரப்பவேண்டா. அங்கு நின்றவரின் பெயரை மட்டும் எழுதுக. ஒரு குடும்பம் தான் ஒதுக்கியவருக்குச் செய்யக்கூடிய குறைந்த அளவு நீதி அது.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்தோர், பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு, தமிழகத்துப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடிப் படியெடுத்துக் காத்துள்ளனர். போற்றத்தக்க பணி. ஆயினும், அறிஞர் படத்தைக் காக்கலாம். படத்திலிருப்பவர் பெயரைக் குடும்பத்தாரன்றி வேறு யார் சொல்ல இயலும்? பெயர் சொல்லத்தக்க முதியோர் நம் வீடுகளில் ஓரிருவரே எஞ்சியுள்ளனர். அரசுக் குடியிருப்பு மாறும்போதெல்லாம் பெட்டியும் மெலிகிறது. வரும் விடுமுறையில் அதனைத் திறந்து, பெரியவரை நடுவில் அமர்த்தி, பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுப்போமாக.