உலை வைப்பது யார்?

மூவாரில் காலையிலேயே சாத்தே கிடைக்கும். வேறு ஊர்க்காரர்கள் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள். இங்கே அது பசியாறல். மீ பண்டோங், ஓத்தாக்-ஓத்தாக், மாமாக் கடை ரொட்டி சானாய் என்று வெளியில் சாப்பிடுவதையே பெருமையாக வைத்திருக்கும் ஊர் இது. இப்படிப்பட்ட ஊரில் ஒருத்தர் "இனிமே கடைச் சாப்பாட்டைக் குறைக்கணும்" என்று சொன்னால், பெரும்பாலும் காரணம் இரண்டுதான்: உடம்பு, காசு.

இரண்டுமே நியாயம். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. அதே ஆண்டு ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு அரசாங்கம் வரி போட்டது. அது ஆலையிலிருந்து வரும் போத்தலுக்கும் டின்னுக்கும்தான். கடையில் டின் பால் ஊற்றி ஆற்றித் தரும் தே தாரேக்குக்குக் கிடையாது. அதை நாம்தான் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இனி காசு. வேலை நாள்களில் ஒரு வேளைச் சாப்பாடு, தண்ணியோடு பத்து வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 22 நாளுக்கு 220 வெள்ளி. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதில் எட்டில் ஒரு பங்கு இப்படிப் போகிறது. நிறுத்தினால் லாபம்தானே?

அந்தச் சாப்பாட்டை வீட்டில் ஆக்க ஒரு மணி நேரம் பிடிக்கும் என்று வைப்போம். காய் நறுக்குவது, சமைப்பது, சட்டி கழுவுவது எல்லாம் சேர்த்து. குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 8.72 வெள்ளி. 22 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 192 வெள்ளி. மிச்சம் 28. அரிசி, முட்டை, கேஸ் எல்லாம் அதற்குள் அடங்குமா? அப்படியானால் நாம் சேமித்ததாகச் சொல்லும் பணத்தின் பெரும்பகுதி, யாருக்கோ கொடுக்காமல் விட்ட சம்பளம்.

நாலு பேருக்கு ஒரே உலை என்றால் கணக்கு மாறும். ஒரு மணி நேரத்தை நாலாகப் பங்கு போடலாம். ஆனால் அடுப்படியில் நிற்பது அந்த நாலு பேரில் ஒரே ஆளாக இருந்தால், லாபம் நாலு பேருக்கு, நேரம் ஒருத்தருக்கு.

1776-இல் வெளிவந்த தன் நூலில், நம் இரவுச் சாப்பாடு இறைச்சிக் கடைக்காரரின் தயவால் அல்ல, அவரது சுயநலத்தால்தான் கிடைக்கிறது என்றார் ஆதம் ஸ்மித். அவர் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தாய் மார்கரெட் டக்ளஸுடன் ஒரே வீட்டில் கழித்தவர். இறைச்சி வந்தது சரி, அதைச் சமைத்தது யார் என்று சுவீடன் எழுத்தாளர் கத்ரீன் மார்சால் பின்னாளில் கேட்டார்.

நமக்கு இது புதிய கேள்வி இல்லை. தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன பெண், விடியலுக்கு முன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். அதற்கும் முன்னால் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். மரத்துக்குச் சம்பளம் இருந்தது, அடுப்புக்கு இல்லை. இன்று அவள் பேத்தி தளவாடத் தொழிற்சாலையில் ஓவர்டைம் முடித்து வரும் வழியில் சாப்பாடு தாப்பாவ் செய்தால், "சமைக்கச் சோம்பேறித்தனம்" என்கிறோம். பத்து வெள்ளி கொடுத்து அவள் வாங்குவது ஒரு மணி நேர ஓய்வு. மாமாக் கடையில் அடுப்புச் சூட்டில் நிற்பவரும் மனிதர்தான், அவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ஆனாலும் அவர் வேலைக்குச் சம்பளம் என்ற பேச்சாவது உண்டு.

ஆகவே வீட்டுச் சாப்பாடு வேண்டாம் என்பதில்லை. உடம்புக்கு அது நல்லதுதான். ஆனால் "இனிமே வீட்டுலயே சாப்பிடுவோம்" என்று முடிவு செய்கிறவர்தான் அரிசி களைய வேண்டும், சட்டியும் கழுவ வேண்டும். அவருக்குச் சோறும் பருப்பும் முட்டையும் மட்டும்தான் சமைக்கத் தெரியுமென்றால், அன்றைக்கு அதுவே போதும். தன் நேரத்தைக் கொடுத்துச் சேமிப்பது சிக்கனம். அடுத்தவர் நேரத்தை எடுத்துக்கொண்டு அதற்கும் சிக்கனம் என்று பேர் வைக்கக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு சாப்பிடும் சாத்தே இருந்துவிட்டுப் போகட்டும். அன்றைக்கு எல்லார் வீட்டு அடுப்புக்கும் லீவு.