கருவி மாறியபின் எஞ்சுவது யாது?

ஓர் இசைப்படைப்பு அது எக்கருவிக்கென இயற்றப்பட்டதோ அக்கருவிக்கு மட்டுமே உரியதா? வயலினுக்கென எழுதப்பட்ட மேலைத்தேயச் சாஸ்திரிய இசையை மின்கிற்றாரில் வாசிப்போர் பலராகிவிட்ட இன்று, இவ்வினாவை இசைவாணரிடம் மட்டும் விட்டுவிடுதல் இயலாது. படைப்பொன்றின் தனித்தன்மை எதிலே தங்கியுள்ளது என்னும் மெய்யியற் சிக்கல் அதனுள் அடங்கியிருக்கின்றது.

இதனைக் கலைத்துரோகம் எனக் கண்டிப்போர் வரலாற்றை நோக்க மறுக்கின்றனர். ஜோஹான் செபஸ்தியன் பாஹ் தமது தனிவயலின் பார்ற்றிற்றா ஒன்றின் முகப்பிசையை, 1731 இல் லீப்சிக் நகரசபைக்கென அமைத்த கன்ராற்றாவிலே ஓகனுக்கு மாற்றினார். பகனீனியின் வயலின் இசையை லிஸ்ற் பியானோவுக்குக் கொணர்ந்தார். பகனீனியோ தாமே கிற்றாரிலும் வல்லவர். நமது கர்நாடக இசையரங்கின் வயலினும் பிறிதொரு மரபிலிருந்து வந்து, பிடிக்கும் நிலையும் சுருதிகூட்டும் முறையும் மாறி, நம்முடையதாகிவிட்டதன்றோ? கருவியை மாற்றுவது தன்னளவிற் குற்றமாகாது.

ஆயின், சுரங்கள் யாவும் இருப்பின் படைப்பும் இருக்கும் என்ற எதிர்வாதமும் ஏற்கத்தக்கதன்று. பகனீனியின் 24 கப்ரிச்சியோக்கள் 1820 இல் வெளிவந்தன. அவற்றுள் ஐந்தாவது, மின்கிற்றார்க் கலைஞர் பெரிதும் விரும்புவது. அதன் நடுப்பகுதியில் நான்கு நான்காக விரையும் சுரங்களுள் மூன்றை வில்லின் கீழிழுப்பிலும் ஒன்றை மேலிழுப்பிலும் வாசிக்குமாறு அவர் குறித்துள்ளார். அம்மூன்றும் தனித்தனியே இழுக்கப்படுவன அல்ல. தந்தியின்மீது எறியப்பட்ட வில் தானே துள்ளி எழுப்புவன. வாசிப்பவர் ஒரு கணம் தம் கட்டுப்பாட்டைத் துறந்து, மறுகணம் அதனை மீட்டுக்கொள்கின்றார். கிற்றாரிலோ ஒவ்வொரு சுரமும் தனித்தனியே மீட்டப்படுகின்றது. சுரம் ஒன்றேனும் குறைவதில்லை. துறத்தலும் மீட்டலும் அங்கே இல்லை. (வயலின் கலைஞருள்ளும் பலர் இக்குறிப்பைப் புறக்கணித்து எளிய வில்வீச்சிலே வாசிப்பதுண்டு. கிற்றார் வாசிப்பவரை மட்டும் கூண்டிலேற்றுவது நேர்மையன்று.)

1986 இல் வெளிவந்த ‘குரொஸ்ரோட்ஸ்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் இறுதிக் காட்சியில், இதே கப்ரிச்சியோவைத் தழுவிய இசை கிற்றார்ப் போட்டியொன்றில் எதிராளியை வீழ்த்தும் ஆயுதமாகின்றது. என்னை உறுத்துவது இதுவே. விரைவு அங்கு அளவுகோலாகிவிடுகின்றது. பகனீனியும் அவையோரைத் திகைக்கவைத்தவர்தாமே எனலாம், மறுப்பதற்கில்லை. எனினும் அவரது விரைவு வில்லின் இயல்பிலிருந்து பிறந்தது. அவ்விரைவை மட்டும் பெயர்த்தெடுத்து வேறொரு கருவியில் நிறுவுவோர், படைப்பின் அருமையையே படைப்பெனக் கொள்கின்றனர்.

மின்கிற்றாருக்கும் அதற்கேயுரிய இயல்புகள் உண்டு. மெட்டுகள் பதித்த கருவியாயினும், மெல்லிய தந்தியைப் பக்கவாட்டில் வளைத்து ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல அதனால் இயலும். மின்னாற்பெருக்கி ஒலியைத் திரித்தால், மீட்டியவுடன் மாயவேண்டிய சுரம் வில்லிழுத்தாற்போல் நீடிக்கும். தட்டச்சுப்பொறி போல் ஒரேசீராக விரைபவர், வயலினையும் இழந்து தம் கருவியையும் பாதியே பயன்படுத்துகின்றார்.

பாஹின் முதலாவது தனிவயலின் சொனாற்றாவின் அடாஜியோ போன்ற மெதுவான பகுதியொன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு தந்திகளும் சேர்ந்தொலிக்கும் இசைவுகளை வயலின் வில் முறித்து முறித்தே தரவியலும். கிற்றார் அவற்றை ஒருங்கே மீட்டவல்லது. ஆனால் ஒலித்திரிபு மிகுந்தால் அவ்விசைவுகள் கலங்கிப்போம். திரிபைக் குறைத்தாலோ தனிச்சுரம் நீடிக்காது. எதனை விட்டு எதனைக் கொள்வது என்று ஒவ்வோர் அடியிலும் வாசிப்பவரே தீர்மானித்தாக வேண்டும். விரைவு அவருக்கு அங்கே கைகொடுக்காது.