நந்தி விலகினால் போதுமா?

சொந்த வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் ஒரே வளவில் குடியிருந்தால் அவர்களுக்குள் சமத்துவம் வந்துவிடுமா? லண்டனில் பழைய கவுன்சில் குடியிருப்புகளை இடித்து, விற்பனை வீடுகளையும் சமூக வாடகை வீடுகளையும் கலந்து கட்டுகிறவர்கள் வரும் என்கிறார்கள். திருநாளைப்போவார் என்னும் நந்தனாரின் குருபூசையில் புராணத்துக்குப் பயன் சொல்கிறவன் நான். எனக்கு இது பழைய கேள்வி.

திருப்புன்கூரில் நந்தி விலகியது. சாதியால் கோயிலுக்குள் போக முடியாத நந்தனார் வெளியே நின்றபடியே சிவனைக் கண்டார். தில்லையிலோ தீயில் மூழ்கி, பூணூல் தரித்த முனிவராக எழுந்த பிறகே உள்ளே போனார். இரண்டும் அருள்தான். ஆனால் அவரை வெளியே நிறுத்திய விதி இரண்டு ஊரிலும் அப்படியே இருந்தது.

2014-இல் ஆல்ட்கேட்டில் ஓர் ஆடம்பர அடுக்குமாடியில் குறைந்த வருமானக்காரருக்குச் சந்துப் பக்கம் தனி வாசல் வைத்திருந்தார்கள். பத்திரிகைகள் அதை ‘ஏழைக் கதவு’ என்றன. 2019-இல் லாம்பெத்தில் ஒரு கலப்புக் குடியிருப்பின் விளையாட்டுத் திடலுக்குள் சமூக வாடகை வீட்டுப் பிள்ளைகள் போக முடியாதபடி புதர்வேலி நின்றது. செய்தி வெளியாகிக் கண்டனம் எழுந்த பிறகே வழி திறந்தது. அதுவரை அங்கே நந்தி மட்டும் விலகியிருந்தது.

எலிஃபண்ட் அண்ட் காஸிலில் நடந்தது இன்னும் மோசம். 1974-இல் கட்டி முடித்த ஹெய்கேட் குடியிருப்பில் 1,000-க்கும் மேற்பட்ட வீடுகள் இருந்தன. அதை இடித்துவிட்டு ஏறத்தாழ 2,500 வீடுகளுக்குத் திட்டம் போட்டார்கள். அதில் முதலில் ஒப்புக்கொண்ட சமூக வாடகை வீடுகள் 100-க்கும் குறைவு. பழைய குடிகள் திசைக்கொருவராகச் சிதறிப்போனார்கள்.

எங்கள் கவுன்சில் கட்டடத்தை யாரும் திட்டமிட்டுக் கலக்கவில்லை. கவுன்சில் வாடகைக்காரர் தம் வீட்டையே வாங்க 1980-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமையால் அது தானாகக் கலந்தது. என் வீடு விலைக்கு வாங்கியது; பக்கத்து வீட்டுக் கானா நாட்டு அம்மா கவுன்சில் வாடகையில் இருக்கிறார்; எதிர்வீட்டு மாணவர்கள் தனியாருக்கு வாடகை கொடுக்கிறார்கள். கூரையைத் திருத்தினால் பில் எனக்கு வரும், அந்த அம்மாவுக்கு வராது. அதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனால் லிஃப்ட் பழுதானால் எல்லோரும்தான் படியேறுகிறோம். அன்பு வருகிறதோ இல்லையோ, ஒருவர் தயவில் மற்றவர் உள்ளே வரவில்லை.

அருள் இறைவனின் விருப்பம். கவுன்சில் தர வேண்டியது உரிமை. வீடுகளை இடிக்கும் பெரிய திட்டங்களுக்கு லண்டன் மேயரின் நிதி வேண்டுமானால், 2018 முதல் குடியிருப்போரிடம் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். அந்த வாக்குச்சீட்டு என் கைக்கு வந்தால் இரண்டே கேள்வி கேட்பேன்: அந்த அம்மா இப்போதைய வாடகை உரிமையோடு திரும்பி வருவாரா? நானும் அவரும் ஒரே வாசலால் நுழைவோமா? இரண்டுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால், எனக்குப் புது வீடே கிடைத்தாலும் என் வாக்கு ‘இல்லை’தான்.