கூடைப் பயறும் தங்குமிட வரியும்

ஒரு வீட்டையோ அறையையோ சில நாள்களுக்கு வாடகைக்கு எடுப்பவரிடம், வாடகைக்கு மேல் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டை ஆட்சியமைப்புக்காக வாங்கிச் செலுத்துவது தங்குமிட வரி எனப்படும். அமெரிக்காவில் இவ்வரி ஓர் ஆட்சியமைப்புக்கு மட்டும் உரியதன்று. மாநிலம், அதன் உட்பிரிவாகிய கவுண்டி, நகரம் ஆகிய மூன்றும் ஒரே இரவின்மீது தனித்தனியே வரி விதிக்கக்கூடும். டெக்சாஸ் மாநிலத்தின் பங்கு 6 விழுக்காடு. அதன் நகரங்கள் பொதுவாக 7 விழுக்காடு வரை சேர்த்துக்கொள்ளலாம். அங்கே தொடர்ந்து 30 நாள் தங்குபவர் நிலையான குடியிருப்பாளராகக் கருதப்பட்டு விலக்குப் பெறுகிறார். அவ்வளவு நாள் தங்கப்போவதை முன்கூட்டி எழுத்தில் தெரிவித்தவருக்கு அவ்விலக்கு முதல் நாளிலிருந்தும், தெரிவிக்காதவருக்கு 30 நாள் கழிந்த பின்னரும் கிடைக்கிறது. 2014ஆம் ஆண்டில் போர்ட்லாந்திலும் சான் பிரான்சிஸ்கோவிலும் வீடுகளை இணையவழி முன்பதிவு செய்து தரும் ஏர்பிஎன்பி நிறுவனம் விருந்தினரிடமிருந்து வரியைத் தானே வாங்கி நகரத்துக்குச் செலுத்தத் தொடங்கியது. பின்னர் அம்முறை பிற ஊர்களுக்கும் பரவ, வரி வாங்கும் பணி வீட்டுக்காரரின் கையைவிட்டுக் கணினி நிரலின் கைக்குப் போயிற்று.

பிழை நுழையும் வழிகள் பெரும்பாலும் எளியவை. அஞ்சல் குறியீட்டு எண் கடிதம் கொண்டுசேர்க்கும் வசதிக்காக வகுக்கப்பட்டது. அது நகர எல்லையைப் பின்பற்றிச் செல்வதில்லை. ஆகவே முகவரியில் நகரத்தின் பெயரைத் தாங்கியும் நகர எல்லைக்கு வெளியே நிற்கும் ஒரு வீட்டுக்கு, குறியீட்டு எண்ணை மட்டும் பார்க்கும் நிரல் நகர வரியையும் சேர்த்துவிடலாம். ஒரே வரியை நிறுவனம் ஒருமுறையும் வீட்டுக்காரர் மறுமுறையும் வாங்கிவிடுவதுண்டு. விலக்குக்கு உரிய நெடுந்தங்கல் இரண்டு முன்பதிவுகளாகப் பிரிந்துபோனதால் அவ்விலக்கு கணக்கில் ஏறாமல் போவதும் உண்டு. அறுநூறு டாலர் வாடகைக்கு 7 விழுக்காடு தவறாகச் சேர்ந்தால் விருந்தினர் இழப்பது 42 டாலர். இங்கே திருடனும் இல்லை, திருட வேண்டுமென்ற எண்ணமும் இல்லை, வழக்காடத் தக்க அளவுக்கு இழப்பும் இல்லை. அவ்வாறாயின் இதை அநீதி என்று அழைக்க முடியுமா, முடியுமெனில் அதைச் சரிசெய்யும் கடன் யாருடையது என்பதே அறவியல் எழுப்ப வேண்டிய கேள்வி.

விலைக்கும் வரிக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து இதைத் தொடங்குவது நல்லது. மிகையான விலையைப் பேரம் பேசிக் குறைக்கலாம், பிடிக்காவிட்டால் விட்டுப் போகலாம். வரி என்று எழுதப்பட்ட தொகையோ பேரத்துக்கு அப்பாற்பட்டது, ஏனெனில் அதைக் கேட்பவர் தமக்காகக் கேட்பதில்லை, சட்டத்தின் வாயாக நின்று கேட்கிறார். யூத மதச் சட்டம் இவ்வேறுபாட்டைக் கூர்மையாக உணர்ந்திருந்தது. விலையில் நேரும் மிகைக்கு அது ஓர் அளவை வகுத்தது: சந்தை மதிப்பில் ஆறில் ஒரு பங்குக்குக் குறைவான மிகையை வாங்குபவர் மன்னித்துவிட்டதாகக் கொண்டது, சரியாக ஆறில் ஒன்றானால் விற்பனை நிற்கும், மிகை திரும்பும், அதைக் கடந்தால் விற்பனையையே முறித்துவிடலாம். வரி வாங்குபவருக்கு இந்தச் சலுகையை நீட்டுவதற்கு இடமில்லை. பாபிலோனியத் தல்மூதின் பாவா கமா என்னும் பகுதியில், அரசின் சட்டமும் சட்டமே என்ற கொள்கையைச் சாமுவேல் என்னும் மூன்றாம் நூற்றாண்டு அறிஞரின் பெயரால் நிறுவியபின், அப்படியாயின் வரி வாங்குபவனைக் கொள்ளையனோடு சேர்த்து வைத்திருக்கும் பழைய விதிகளுக்கு என்ன பொருள் என்ற ஐயம் எழுப்பப்படுகிறது. அதற்கு இரண்டு விடைகள் தரப்படுகின்றன: அவ்விதிகள் வரம்பின்றி வாங்குபவனைக் குறிக்கும் என்பது ஒன்று, தன்னைத்தானே நியமித்துக்கொண்டவனைக் குறிக்கும் என்பது மற்றொன்று. ஆகவே வரிக்கு அறத் தகுதியைத் தருவது அதன் வரம்பே. அவ்வரம்புக்கு ஓரடி வெளியே நிற்கும் வீட்டில் வாங்கிய நகர வரி, பெயரால் வரியாயினும் தன்மையால் வரியன்று.

ஆனால் எண்ணமில்லாத பிழையைக் கொள்ளை என்பது மிகையல்லவா என்ற மறுப்பு நியாயமானது. இதற்கு இடைக்காலக் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் பெருநூலில் செய்துகாட்டும் பகுப்பு உதவுகிறது. பறிபோனதை உரியவரிடம் மீளச் சேர்க்கும் கடமை இரண்டு வேர்களிலிருந்து முளைக்கிறது என்கிறார் அவர்: எடுத்த செயல் ஒன்று, எடுக்கப்பட்ட பொருள் மற்றொன்று. செயலில் குற்றம் இல்லாதபோதும் பிறர் பொருள் ஒருவர் கையில் இருக்கும்வரை, அதைத் திருப்பும் கடன் அப்பொருளோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. நிரல் பாவம் செய்யாது. எனினும் 42 டாலர் ஓரிடத்தில் இருக்கிறது, அது அங்கே இருக்க வேண்டியதன்று.

அடுத்து நிற்பது சிறுமை என்னும் சாக்கு. இதுவே எல்லாவற்றிலும் வலுவானது, ஏனெனில் இழந்தவரே அதை முதலில் சொல்லிக்கொள்கிறார். நாற்பது டாலருக்காக யார் மாதக்கணக்கில் மடல் எழுதிக்கொண்டிருப்பார்? ஆதியாகமத்துக்கு எழுந்த ரப்பா என்னும் பழைய விளக்கத் தொகுப்பு, நோவாவின் காலத்துப் பெருவெள்ளத்துக்குக் காரணமான வன்முறையை விளக்குமிடத்தில், எவரும் எதிர்பாராத ஒரு காட்சியை வைக்கிறது. ஒருவன் பயறு நிறைந்த கூடையைச் சுமந்து வருவான். ஒவ்வொருவராக வந்து ஒரு பெரூத்தாவுக்கும் குறைவான அளவை எடுத்துச் செல்வர். பெரூத்தா என்பது மிகச் சிறிய செப்புக்காசு; அதன் மதிப்புக்குக் கீழ்ப்பட்ட இழப்புக்கு நீதிமன்றத்தில் வழக்கில்லை. கூடை காலியாகும், ஆனால் குற்றவாளி என்று சுட்ட ஒருவனும் கிடைக்கமாட்டான். கொலையையும் காமத்தையும் எதிர்பார்த்து வரும் வாசகருக்கு அந்த உரையாசிரியர்கள் காட்டுவது கணக்கறிந்த நாகரிகமான ஒரு கூட்டத்தை. சட்டத்தின் கை எட்டாத அளவை அளந்து எடுப்பதே உலகை அழிக்கப் போதுமானது என்பது அவர்கள் கருத்து. 1975ஆம் ஆண்டில் ஆங்கில மெய்யியலாளர் ஜோனதன் குளோவர், இக்கதையை அறிந்தோ அறியாமலோ, அதே பயற்றைக் கொண்டு அதே சிக்கலை அமைத்தார். நூறு கொள்ளையர் நூறு சிற்றூர்க்காரரின் உணவை ஆளுக்கு ஒருவரிடமிருந்து பறிக்கின்றனர். மறுவாரம் ஒவ்வொருவரும் நூறு தட்டிலிருந்தும் தட்டுக்கு ஒரு மணி வீதம் எடுக்கின்றனர். எந்தக் கொள்ளையனும் எவருக்கும் உணரத்தக்க தீங்கைச் செய்யவில்லை, ஊரோ பட்டினி கிடக்கிறது. தீங்கைத் தனித்தனியே நிறுத்து எடைபோடும் கணக்கு பிழையானது என்று காட்டுவதே அவர் நோக்கம். தவறான தங்குமிட வரியில் இக்கதை தலைகீழாக நிற்கிறது: இங்கே எடுப்பது ஒரே கை, தட்டுகள் மட்டும் எண்ணற்றவை. கொள்ளையரின் கதையில் பொறுப்பு நூறாகச் சிதறிப்போகிறது. இங்கே அது சிதறவில்லை, சிதறுவது இழப்பு மட்டுமே. ஆகையால் சாக்கு இன்னும் மெலிதாகிறது.

விருந்தினர் தாமே பிழையைக் கண்டறிந்திருக்க வேண்டும் என்பதும் ஏற்கத்தக்கதன்று. டெக்சாஸின் 173 நகரங்கள் சேர்ந்து இணையவழிப் பயண நிறுவனங்கள்மீது 2006இல் தொடங்கிய வழக்கில், வரி கணக்கிட வேண்டியது விருந்தினர் கொடுத்த தொகையின் மீதா, விடுதி பெற்ற தொகையின் மீதா என்ற ஒரே கேள்வி 2017 வரை நீடித்தது. கீழ்நீதிமன்றம் நகரங்களின் பக்கம் நிற்க, மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனங்களின் பக்கம் தீர்ப்பளித்தது. அதன்பின் இருபது லட்சம் டாலருக்கும் மேற்பட்ட வழக்குச் செலவை யார் ஏற்பது என்னும் பூசல் 2021இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. நீதிபதிகளுக்கே பதினோராண்டு பிடித்த கணக்கை, வரியும் கட்டணமும் என்று ஒரே வரிசையில் காட்டப்படும் தொகையைப் பார்த்துப் பயணி சரிபார்க்க வேண்டுமென்பது பரிகாசமாகவே முடியும்.

திருப்பித் தருவதற்கு வருவோம். தல்மூதின் அதே பகுதி, மேய்ப்பரும் வரி வாங்குவோரும் செய்யும் மனந்திரும்பல் கடினமானது என்கிறது. யாரிடம் எடுத்தோம் என்பது அவர்களுக்கே தெரியாது. தமிழ் விவிலியம் ஆயக்காரர் என்று அழைக்கும் வரி வாங்குவோரில் ஒருவரான சகேயு, ஏய்த்து வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னபோது, எரிகோவில் அவருக்குத் தெரிந்த முகங்கள் மட்டுமே அவர் மனத்தில் இருந்திருக்கும். தெரிந்தவருக்குத் திருப்பித் தரவேண்டும், தெரியாதவருக்குரியதைப் பொதுத் தேவைக்குச் செலவிட வேண்டும் என்பது தல்மூதின் விதி. அதற்கு எடுத்துக்காட்டாகத் தண்ணீருக்கான கிணறும் குழியும் வெட்டுவதைச் சொல்கிறார் ஓர் அறிஞர், வழிப்போக்கராக வரும் அந்த முகமறியாதவரும் ஒருநாள் அங்கே நீர் குடிக்கக்கூடும் என்பதால். அக்குவினாஸும் தேடியும் உரியவர் கிடைக்காதபோது ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்கிறார்.

தற்காலச் சட்டங்கள் இக்கிணற்றைப் பல பெயர்களில் வெட்டியிருக்கின்றன. இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 1996இல் மஃபத்லால் வழக்கில், தவறாகச் செலுத்திய வரியின் சுமையைப் பிறர்மேல் ஏற்றிவிட்ட வணிகர் அதைத் திரும்பப் பெற முடியாது என்றனர்; உண்மையில் சுமந்த நுகர்வோரைக் கண்டுபிடிக்க இயலாதபோது பணம் மக்களின் சார்பாளராகிய அரசிடம் இருப்பதே தகும் என்பது அத்தீர்ப்பின் போக்கு, நுகர்வோர் நல நிதி அதற்கு இணையான ஏற்பாடு. டெக்சாஸ் சட்டம் வேறு வழியில் செல்கிறது: பிறரிடம் வாங்கிச் செலுத்தியவர், வாங்கியதை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்த பின்புதான் மாநிலத்திடம் மீட்புக் கேட்கலாம். நெறியில் இது மேலானது. ஆனால் மாநிலத்திடம் நேரடியாகச் செலுத்தாத விருந்தினர் பொதுவாக அங்கே கேட்க இயலாததால், முதல் அடியை நிறுவனம் எடுக்காதவரை அந்தப் பணம் அசைவதில்லை.

இங்கேதான் பழைய விதியின் அடித்தளத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. கிணறு வெட்டலாம் என்ற சலுகை, முகம் தெரியவில்லை என்ற உண்மையின்மேல் மட்டுமே நிற்கிறது. முகம் தெரிந்தவனுக்கு அச்சலுகை ஒருபோதும் தரப்படவில்லை. எல்லைச் சாவடியில் கடந்துபோன கழுதைக்காரனை ஆயக்காரன் மறந்துவிடலாம். முன்பதிவு நிறுவனமோ யார், எந்த வீட்டில், எத்தனை இரவு தங்கினார், எந்த அட்டையில் எவ்வளவு கொடுத்தார் என்பதைக் காசு பிசகாமல் பதிந்து வைத்திருக்கிறது. எல்லைக்கோடு தவறென்று ஒரு விருந்தினர் மெய்ப்பித்த அன்றே, அதே வீட்டில் அதே தவறுக்கு உள்ளான மற்றவர்களின் பட்டியலும் அதன் கையில் இருக்கிறது. கேட்டவருக்கு மட்டும் கொடுத்துக் கேளாதவரை விட்டுவிடுவது பெரும் குற்றமாக எவருக்கும் தோன்றுவதில்லை. பயற்றுக் கூடையைச் சுற்றி நின்றவர்களுக்கும் தோன்றியிருக்காது.

மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பில் இதற்கு நேரான விதி ஒன்று இருக்கிறது. ஒரு பெரூத்தா மதிப்புள்ளதை எடுத்து, எடுக்கவில்லை என்று பொய்யாணை இட்டவன், உரியவர் மேதிய நாட்டில் இருந்தாலும் அங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். காசைவிட வழிச்செலவு மிகுமானால் நீதிமன்றத்திடம் ஒப்படைத்தாலும் போதும் என்று அறிஞர்கள் அதைத் தளர்த்தினர். அத்தளர்வுக்கு நியாயம் மேதியாவின் தொலைவுதான்.